‘கிடைக்கவில்லை’ என்னும் சொல்

தமிழக எல்லையை ஒட்டிய மாதேஸ்வரன் மலைக் காடுகளில் வாழும் சோளகரின் பேச்சைப் பதிவு செய்யச் செல்லும் மொழியியல் மாணவருக்கு மடிக்கணினியே களக்குறிப்பேடு. ஒலிப்பதிவுகள் யாவும் அதன் வன்தட்டில் இருக்கும். இயங்குதளம் பழுதுற்றால், லினக்ஸ் உள்ள டிவிடியிலிருந்து கணினியைத் தொடங்கிப் பதிவுகளைப் படியெடுத்துவிடலாம். அப்போது பார்த்து, தொடங்குவதற்குரிய சாதனம் கிடைக்கவில்லை என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம் திரையில் தோன்றுகிறது.

பெரும்பாலோர் அதை அப்படியே நம்பிவிடுகின்றனர். கணினி கடைக்குப் போகிறது. வன்தட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுகின்றனர். கணினி பிழைத்துக்கொள்கிறது, பதிவுகள் போய்விடுகின்றன. பேசியவர் முதியவராயின் மறுபதிவுக்கு வாய்ப்பு இல்லாமலும் போகலாம்.

மொழியியல் நோக்கில் அது மோசமான வாக்கியம். தேடவில்லை, படிக்க இயலவில்லை, படித்தும் விளங்கவில்லை, விளங்கியும் ஏற்கவில்லை என்னும் நான்கு நிலைகளையும் அது ஒரே வினைக்குள் அடைத்துவிடுகிறது. தேடாமைக்குக் காரணம் தொடக்க வரிசையில் டிவிடி இடம்பெறாதது. அமைப்புத் திரையில் மாற்றிவிடலாம். படிக்க இயலாமைக்குக் கீறலோ, சிடி மட்டுமே படிக்கும் பழைய இயக்கியோ காரணமாகலாம்.

விளங்காமைதான் சுவையானது. 1995இல் வெளியான ‘எல் டொரிட்டோ’ வரையறையின்படி, தொடக்கக் குறிப்பு வட்டின் 17ஆம் பிரிவில் (எண்ணிக்கை சுழியத்திலிருந்து) இருந்தாக வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பைப் பிம்பமாக எரிக்காமல் சாதாரணக் கோப்பாகப் படியெடுத்தால் அவ்விடத்தில் அக்குறிப்பு இராது. சொற்கள் யாவும் உள்ளன, தொடரமைப்பு இல்லை! அவ்வட்டை வேறொரு கணினியில் திறந்தால் கோப்புறைகளுக்குப் பதில் ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தென்படும். பிழை அப்போதே வெளிப்பட்டுவிடும். பழைய பயாஸுக்கென மட்டும் ஆக்கப்பட்ட வட்டும் யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள கணினிக்கு விளங்காது. ஏற்காமை என்பது ‘செக்யூர் பூட்’ செய்யும் வேலை: கையொப்பம் செல்லாது எனக் கருதினால் மறுத்துவிடும். காரணத்தைச் சொல்லும் கணினிகளும் உண்டு, எல்லாம் சொல்வதில்லை.

எந்தப் படியில் நின்றோம் என்பது பொறிக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது உற்பத்தியாளரின் அலட்சியமே. ஆயினும் பழியைத் துறைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒலி அலைகளை அளக்கப் ‘பிராட்’ மென்பொருளைக் கற்பிக்கும் பாடத்திட்டம், அவ்வொலிகள் தங்கியிருக்கும் வன்தட்டைக் காப்பது பற்றி ஒரு மணி நேரமேனும் ஒதுக்கலாகாதா? டிவிடி எவ்வகையிலும் உதவாதபோதும், வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி உறையிலிட்டு வேறொரு கணினியில் பார்க்க வழியுண்டு. அதைச் செய்து பாராமல் கடைக்காரரை எதையும் அழிக்க விடக்கூடாது.