குஞ்சு விட்டால் போதுமா?

கருக்களாச்சேரிக் கரையில் நான் பார்த்த முதல் கடலாமை செத்த ஆமை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. "பங்குனி ஆமை தம்பி. தை பொறந்தா இப்படித்தான் ஒதுங்கும்" என்றார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர்.

வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அல்டாப்ரா ராட்சத ஆமைகளைப் பார்த்திருக்கிறேன். வேலி, நிழல், வேளைக்குத் தீனி. நிலத்து ஆமையை வேலி போட்டுக் காத்துவிடலாம். கடலுக்கு யார் வேலி போடுவது?

நாமோ கடலாமையையும் வேலிக்குள்தான் காக்கிறோம். முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைக்கிறோம், குஞ்சுகளைக் கடலில் விடுகிறோம், போட்டோ எடுத்துப் போடுகிறோம். சென்னையில் 1988 முதல் ராத்திரி ராத்திரியாய்க் கரையில் நடந்து முட்டை சேகரிக்கும் மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் போட்டோவுக்கு லைக் போட்டுவிட்டு ஆமையைக் காப்பாற்றியாச்சு என்று நினைக்கிற நம்மைத்தான் சொல்கிறேன்.

ஆயிரம் குஞ்சில் ஒன்று பிழைத்துப் பெரிதானாலே அதிகம் என்பார்கள். கரையேற வரும் தாய் ஆமை அந்த ஒன்று. மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டிய உயிர் அது. மணிக்கணக்கில் இழுபடும் இழுவலைக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அப்படி ஒதுங்கின. ஒரு தாய் போனால் எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டு ஈடுகட்டுவீர்கள்?

இங்கே முட்டையிடும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15. சாவு முடிந்த பிறகு கதவைச் சாத்துகிறோம்.

உடனே மீனவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். வலையில் ஆமை வெளியேற வழிவிடும் கருவி இருக்கிறது. அதை மாட்டினால் கொஞ்சம் மீனும் இறாலும் நழுவும். அந்த நட்டத்தைப் படகுக்காரர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? கருவி இல்லை என்பதற்காக 2019 முதல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதில்லை. அந்த அடியும் கடைசியில் அவர்கள் தலையில்தான்.

காரைக்கால் புதுச்சேரி அரசின் கையில், இருபக்கமும் தமிழ்நாடு. கடலுக்கும் ஆமைக்கும் அந்த எல்லை தெரியாது. இரண்டு அரசும் சேர்ந்து கருவியைக் கொடுக்கட்டும், நட்டத்தை ஈடுகட்டட்டும், அந்த மூன்று மாதம் கரையோரக் கடலில் இழுவலையை நிறுத்தட்டும்.

அதைக் கேட்காமல் குஞ்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தால், நாம் வலைக்குத்தான் ஆமை வளர்க்கிறோம்.