சோதனையையும் சோதிப்போம்!

மலைகளின் இளவரசியாம் கொடைக்கானலுக்குச் செல்ல, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்னும் வரம்பும் விதிக்கப்பட்டது. மலையின் முதல் வாயில் ஓர் இணையதளமாகிவிட்டது!

ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தட்டினால் இத்தகைய வாயில் தாங்குமா? தொலைவிலிருந்து செயற்கைக் கூட்டத்தை அனுப்பி அதை முன்னரே அறிவதுதான் சுமைச் சோதனை. ஆனால், அச்சோதனையே பொய்யுரைப்பதும் உண்டு.

காரணம், நடுவில் நிற்கும் பிராக்சி. நாம் அனுப்பும் கூட்டத்தை அது தன் வாசலிலேயே வரிசையில் நிறுத்திவிடலாம். தளம் மெதுவானது போலத் தோன்றும். உண்மையில் சுமை அங்கே போய்ச் சேர்ந்திராது. சாவடியில் தேங்கிய வண்டிகளைக் கண்டு, மலைமேல் இடமில்லை என்பது போன்றதே இது. 407 என்னும் பிழை எண் வந்தால், அடையாளம் கேட்பது பிராக்சியே, தளமன்று. எல்லா வேண்டுகோளும் ஒரே முகவரியிலிருந்து வருவதால், தளம் தாக்குதலென்று கருதித் தடுப்பதும் உண்டு.

ஆகவே, பிராக்சி வழியே ஒருமுறை, அதை விலக்கி ஒருமுறை சோதித்து ஒப்பிட வேண்டும். அனுப்பிய வேண்டுகோள்கள் தளத்தின் பதிவேட்டில் உள்ளனவா என எண்ணிப் பார்க்கவும் வேண்டும்.

பழனியிலிருந்து மலையேறும் வாடகைக் கார் ஓட்டுநரின் அன்றைய வருமானம் அந்த அனுமதிச் சீட்டில் இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கணினியைத் தொட்ட நம்மைப் போன்றோர், திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது. எண் எங்கிருந்து வந்தது எனக் கேட்பதே விஞ்ஞானம்!

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்