சாஃப்ட்வேர் உயிரோட இருக்கு, தேர்வு மட்டும் போச்சு! டேட்டாபேஸ் டெவலப்பர் சான்றிதழ் தேர்வுகள் ஏன் இப்படி மாறுது?

ராத்திரி கண் முழிச்சுப் படிச்சு, பணம் கட்டி ஒரு சான்றிதழ் வாங்குறீங்க. கொஞ்ச வருஷத்தில் அந்தத் தேர்வையே நிறுத்திட்டாங்கன்னா எப்படி இருக்கும்? ஐடி துறையில் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதுசு இல்லை.

2021 ஜனவரி 31. எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர்களுக்கான 70-761, 70-762 என்ற இரண்டு தேர்வுகளையும் மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்தியது. இரண்டிலும் பாஸ் ஆனால் 'எம்சிஎஸ்ஏ: எஸ்க்யூஎல் 2016 டேட்டாபேஸ் டெவலப்மென்ட்' சான்றிதழ் கிடைக்கும். ஆனா, எஸ்க்யூஎல் சர்வர் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த சப்போர்ட் காலம் 2026 ஜூலை 14 வரை. அதாவது, சாஃப்ட்வேருக்கு இன்னும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆயுள் இருக்கும்போதே தேர்வு முடிஞ்சு போச்சு.

ஏன் நிறுத்தினாங்க?

2020 பிப்ரவரியிலேயே அறிவிப்பு வந்தது. முதலில் சொன்ன கடைசி நாள் அந்த ஆண்டு ஜூன் 30. கொரோனா வந்ததால் அவகாசம் நீட்டிக்கப்பட்டது. அதுவரை 'எந்த சாஃப்ட்வேர் தெரியும்' என்று கேட்ட தேர்வுகள், இனி 'என்ன வேலை பார்க்கிறீங்க' என்று கேட்கும் என்பதுதான் நிறுவனத்தின் விளக்கம்.

கேட்க நியாயமா இருக்கு. ஆனா புதுப் பட்டியலைப் பாருங்க. டேட்டாபேஸ் நிர்வாகிக்கு டிபி-300 இருந்தது, டேட்டா இன்ஜினியருக்கு டிபி-203 வந்தது. தினமும் உட்கார்ந்து க்வெரியும் ஸ்டோர்டு ப்ரொசீஜரும் எழுதுற எஸ்க்யூஎல் டெவலப்பருக்கு நேரடி மாற்றுத் தேர்வு அப்போது இல்லை. வேலை அப்படியே இருந்தது, அதற்கான தேர்வுதான் இல்லாமல் போனது. புதுத் தேர்வுகளில் 'அஸ்யூர்' கிளவுடுக்குத்தான் பெரிய இடம். நிறுவனத்தின் வியாபாரம் போகும் பக்கம் பாடத்திட்டமும் போகிறது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கு.

டிபி-203 ஆவது நிலைத்ததா? அதுவும் 2025 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டது. இப்போது டேட்டா இன்ஜினியர்களுக்கு, 'ஃபேப்ரிக்' தளத்தை மையமாக வைத்த டிபி-700.

பாதிப்பு யாருக்கு?

தேர்வு நின்றுபோனால் ஏற்கெனவே வாங்கிய சான்றிதழ் செல்லாமல் போய்விடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் பெயரில் பழைய சான்றிதழாக அது இருக்கும். சிக்கல் வேற இடத்தில். மைக்ரோசாஃப்டின் பார்ட்னர் திட்டத்தில் ஒரு நிறுவனம் அங்கீகாரம் பெற 100-க்கு குறைந்தது 70 புள்ளி வேண்டும். ஊழியர்களின் சான்றிதழ்களுக்கும் அதில் புள்ளி உண்டு. காலாவதியான சான்றிதழ் கணக்கில் வராது. மேனேஜர் திடீர்னு "இந்த மாசத்துக்குள்ள எழுதி முடிங்க"ன்னு மெயில் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். புள்ளி கம்பெனிக்கு, படிப்பு உங்க சனி, ஞாயிறில்.

2021 ஜூன் முதல் இன்னொரு மாற்றமும் வந்தது. அசோசியேட், எக்ஸ்பர்ட் நிலைச் சான்றிதழ்களின் ஆயுள் இரண்டு வருஷத்திலிருந்து ஒரே வருஷமாகக் குறைந்தது. ஆறுதல் என்னன்னா, புதுப்பிக்க கட்டணம் கிடையாது. காலாவதிக்கு ஆறு மாசம் முன்பிருந்தே வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம். தோற்றாலும் அந்தத் தேதிக்குள் மறுபடி முயற்சிக்கலாம். தேதி தாண்டிட்டா, முழுத் தேர்வையும் திரும்பப் பணம் கட்டித்தான் எழுதணும்.

எது மாறாது?

ஜாயின், இண்டெக்ஸ், டிரான்ஸாக்‌ஷன், லாக்கிங். 70-761-க்காக ஜாயினையும் விண்டோ ஃபங்ஷனையும் ஒழுங்காகப் படித்தவருக்கு அந்த உழைப்பு இன்றைக்கும் வீண் இல்லை. எஸ்க்யூஎல் மொழிக்கு அமெரிக்காவின் ஆன்சி அமைப்பு தரநிலை வகுத்தது 1986-இல். அடிப்படை இன்னும் அதேதான். மாறுவது பெரும்பாலும் கருவிகளின் பெயர், மெனு, கிளவுட் சேவைகள்.

பணம் கட்டும் முன்...

தேர்வின் ஸ்டடி கைடு பக்கத்தில் கீழே 'சேஞ்ச் லாக்' அட்டவணை இருக்கும். எந்தப் பகுதி கொஞ்சம் மாறியது, எது முழுசா மாறியது என்று அதிலேயே போட்டிருக்கும். யூடியூப் கோர்ஸ் எந்த வருஷத்தது என்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்க. டம்ப்ஸ் பக்கம் மட்டும் போகாதீங்க. கேள்விகள் பழசா இருக்கலாம், பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்யவும் விதி இருக்கு.

புதுத் தேர்வுகள் முதலில் 'பீட்டா'வாக வரும். முதலில் பதிவு செய்யும் 300 பேருக்கு 80 சதவீதத் தள்ளுபடி என்று மைக்ரோசாஃப்ட் அறிவிப்பது வழக்கம். சந்தோஷப்படும் முன் அறிவிப்பின் கடைசி வரியைப் படிங்க. அந்தத் தள்ளுபடி கோடு செல்லாத நாடுகளின் பட்டியலில் இந்தியா பெயர் பலமுறை இடம்பெற்றிருக்கு. பீட்டா எழுதினால் ரிசல்ட்டும் உடனே வராது, வாரக்கணக்கில் காத்திருக்கணும். மேனேஜர் கொடுத்த கெடு இந்த மாசக் கடைசி என்றால், பீட்டா உங்களுக்குச் சரிப்பட்டு வராது.