தொழிலாளியின் டீ கிளாசில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை?

சர்க்கரை வியாதி பணக்காரர்களின் வியாதி என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. உட்கார்ந்த இடத்தில் உண்டு கொழுத்தவனுக்கு வருவது, உழைத்துச் சாப்பிடுகிறவனை அது அண்டாது என்று நம் ஜனங்கள் நம்பினார்கள். இன்றும் பலர் அப்படியே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் முதலில் உதறித் தள்ள வேண்டியிருக்கிறது.

உண்மை நிலைமை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023-ம் ஆண்டு வெளியாயின. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அந்த ஆய்வு கூறியது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு இந்த வியாதி. சென்னை நகரத்தில் 1989-ல் நூற்றுக்கு 8 பேர் என்றிருந்தது, 2004-ல் 14 பேர் என்று உயர்ந்தது.

இதைவிட நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே ஆய்வின் ஒரு பகுதி முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகர்ப்புறங்களில், வசதி படைத்தவர்களைவிட ஏழைகளிடையேதான் இந்த வியாதி அதிகம் என்று அப்போது தெரிய வந்தது. அதாவது, பங்களாவில் குடியிருந்த வியாதி இப்பொழுது குடிசைப் பகுதிக்கு ஜாகை மாற்றிக்கொண்டிருக்கிறது.

உழைப்பவன் இழப்பது என்ன?

வியாதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் விளைவு எல்லோருக்கும் ஒன்றல்ல. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. மூட்டை சுமப்பவன் காலில் ஆணி குத்தினாலும் அவனுக்குத் தெரிவதில்லை. புண் புரையோடிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். முதலில் விரலை எடுக்கிறார்கள், பிறகு பாதத்தை, சில சமயம் முழங்கால் வரை. மேஜை முன் உட்கார்ந்து சம்பாதிப்பவன் அதற்குப் பிறகும் சம்பாதிக்கலாம். மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் கூலியும் போயிற்று. கண் மங்கினால் லாரி டிரைவருக்கும் தையல் தொழிலாளிக்கும் தொழிலே இல்லை. சிறுநீரகம் கெட்டுப்போனால், டயாலிஸிஸுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நஷ்டம்.

ஆகவே இது வெறும் வைத்திய விஷயமல்ல. உழைக்கும் குடும்பத்தின் அடுப்பு எரிவது சம்பந்தப்பட்ட விஷயம்.

டீ கிளாசின் கணக்கு

வியாதிக்குக் காரணம் சர்க்கரை ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. பரம்பரை ஒரு காரணம். வயிறு பெருப்பது ஒரு காரணம். மூன்று வேளையும் வெள்ளை அரிசியைக் குவித்துச் சாப்பிடுவதும், உடல் அசையாமல் இருப்பதும் காரணங்கள். ஆனால் இவற்றில் நாளைக் காலையிலேயே, கைக்காசு செலவில்லாமல் குறைக்கக்கூடியது எது? குடிக்கும் சர்க்கரைதான். அதில் சத்து எதுவும் இல்லை, அது வயிற்றையும் நிரப்புவதில்லை. திரவத்தில் கரைந்து போவதால் மளமளவென்று ரத்தத்தில் ஏறிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். கடையில் ஒரு டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்பூன் என்பது 4 அல்லது 5 கிராம். நாளொன்றுக்கு 6 டீ குடித்தால் 48 முதல் 60 கிராம் வரை ஆகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் சொன்னது என்ன? வியாதி இல்லாதவர்களுக்கே இப்படிச் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றது. அந்த 25 கிராம், கடை டீ மூன்று கிளாசிலேயே தீர்ந்துபோகிறது. அதற்குமேல் ஒரு 300 மில்லி கோலா குடித்தால் இன்னுமொரு 30 கிராம். டீயில் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட், கிரீம் பன், தேன்மிட்டாய் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நாட்டுச் சர்க்கரையோ, வெல்லமோ, பனங்கருப்பட்டியோ போட்டால் ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. ரத்தத்துக்குள் போன பிறகு எல்லாம் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 'சர்க்கரை இல்லாத பிஸ்கட்' என்று விற்பதிலும் மைதா இருக்கிறது. அந்த மைதாவும் உடலில் சர்க்கரையாகத்தான் மாறுகிறது.

இரண்டு தவறான வாதங்கள்

இங்கே இரண்டு தவறான வாதங்களைச் சந்திக்கிறோம்.

முதல் வாதம், "நாக்கைக் கட்ட முடியாதவன் வியாதியை வரவழைத்துக்கொள்கிறான்" என்பது. இது மேட்டுக்குடி வாதம். காலை 5 மணிக்குப் புறப்படும் கட்டடத் தொழிலாளி வெறும் வயிற்றில் ஒரு டீயும் பன்னும் சாப்பிடுகிறான். 11 மணிக்கு ஒரு டீ, 4 மணிக்கு ஒரு டீயும் போண்டாவும். தறிப்பட்டறையில் இரவு ஷிப்டு பார்ப்பவன் தூக்கத்தை விரட்ட டீ குடிக்கிறான். பனியன் கம்பெனிப் பெண்ணுக்குச் சாப்பாட்டு இடைவேளை குறுகியது, டீ இடைவேளை அதைவிடக் குறுகியது. சாப்பாட்டுக்குப் பதிலாகத்தான் இவர்கள் இனிப்பு டீ குடிக்கிறார்கள். பசியை அடக்கிக்கொண்டு வேலை செய்ய அதைவிட மலிவான பொருள் கிடைப்பதில்லை. இந்த நிலைமையைப் பேசாமல் நாக்கை மட்டும் குறை சொல்வது நியாயமா?

இரண்டாவது வாதம் நம் பக்கத்திலிருந்தே கேட்கிறது. "கூலி உயர வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், சமுதாயம் மாற வேண்டும். அதுவரை டீயில் ஒரு ஸ்பூனைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். சமுதாயம் மாறும் வரை புண் காத்திருக்காது. சிறுநீரகமும் காத்திருக்காது.

ஒரு ஸ்பூனைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சென்னையில் நடைபெற்ற ஓர் ஆய்வின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. வியாதியின் எல்லையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் வரை கவனித்தார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. சர்க்கரையை விட்டு, மாவுப் பொருளையும் கொழுப்பையும் குறைத்து, தினமும் அரைமணி நேரம் நடக்கும்படி யோசனை சொல்லப்பட்டவர்களில் அது 39-ஆகக் குறைந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு இதைவிட அதிக பலன் கிடைக்கவில்லை. மருந்துக் கம்பெனிக்கு ஒரு பைசா கொடுக்காமல் கிடைத்த பலன் இது!

லாபம் யாருக்கு?

சர்க்கரையை விற்றுக் கொள்ளை லாபம் அடிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் ஸ்தாபனம், ஹார்வர்ட் விஞ்ஞானிகளுக்கு 6,500 டாலர் கொடுத்தது. இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் தலையில் கட்டி, சர்க்கரையைத் தப்பவைக்கும் கட்டுரை 1967-ல் வெளியாயிற்று. இந்தப் பித்தலாட்டம் 2016-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 2014-ல் கோக்கா-கோலா கம்பெனியின் பணத்தில் ஒரு விஞ்ஞானிகள் குழு கிளம்பியது. உடல் பருப்பதற்குக் குடிப்பதும் தின்பதும் அவ்வளவு முக்கியமல்ல, உடற்பயிற்சி இல்லாததுதான் காரணம் என்கிற பாணியில் பிரசாரம் செய்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பது அம்பலமானதும் 2015-ல் குழு கலைக்கப்பட்டது.

நம் நாட்டில் வரி விதிப்பு எப்படி இருக்கிறது? 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவிகிதமாக இறக்கப்பட்டது. வாயு அடைக்காத பழபானங்களுக்கும் 5 சதவிகிதம்தான், அதில் எவ்வளவு சர்க்கரை கொட்டியிருந்தாலும் சரி. கோலாவுக்கு 40 சதவிகிதம். ஆனால் அதிலும் சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் ஒரே வரிதான். பிறகு முதலாளி எதற்காகச் சர்க்கரையைக் குறைப்பான்? பிரிட்டனில் 2018 ஏப்ரலிலிருந்து சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப வரி கூடுகிறது. அந்த வரிக்குப் பயந்து கம்பெனிகளே பானங்களில் சர்க்கரையைக் குறைத்தன. மெக்ஸிகோ 2014-ல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது, விற்பனை இறங்கியது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு முத்திரை குத்த வேண்டும். நம் ஊரில் பாக்கெட்டின் பின்புறம், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் எழுத்தில் அச்சடிக்கிறார்கள்.

"சர்க்கரையைக் குறைத்தால் கரும்பு விவசாயி என்ன ஆவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கரும்பு விவசாயியை வாட்டுவது விலை நிர்ணயத்தில் நடக்கும் அநீதியும், ஆலைகள் இழுத்தடிக்கும் பாக்கியும். தொழிலாளி டீயில் ஒரு ஸ்பூன் குறைப்பதால் வந்த கஷ்டம் அல்ல அது. கரும்பிலிருந்து இன்று எத்தனாலும் மின்சாரமும் எடுக்கிறார்கள். அந்த லாபத்தில் விவசாயிக்குப் பங்கு கேட்போம். அவனுக்கும் இந்த வியாதி வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன?

ஒருவன் தனியாகக் குறைப்பது கடினம். பத்துப் பேர் சேர்ந்தால் சுலபம். டீக்கடையில் ஒருவன் மட்டும் "சர்க்கரை கம்மி" என்றால் மாஸ்டர் மறந்துவிடுகிறார். அந்த ஸ்டாண்டு முழுவதும் சொன்னால் கடையின் வழக்கமே மாறுகிறது. ஒரேயடியாக விட வேண்டியதில்லை. 2 ஸ்பூன் குடிப்பவர் ஒன்றரையாக்கட்டும், இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்கட்டும், பிறகு அரை. நாக்கு பழகிக்கொள்ளும். 6 டீயை 3 ஆக்கி, நடுவில் மோரோ தண்ணீரோ குடிக்கலாம். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாகச் சுண்டலும் வேர்க்கடலையும் இருந்தால், பசியும் தாங்கும், சர்க்கரையும் சட்டென்று ஏறாது.

ஆலைகளில் என்ன செய்வது? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காண்டீன் வைக்கவும், அதன் நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கவும் வகை செய்தது. போராடிப் பெற்ற இந்த இடத்தை எந்தப் புதிய சட்டத்தின் பெயராலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் விலையை மட்டும் பேசாமல், டீயில் சர்க்கரை தனியாக வைக்கப்பட வேண்டும், மாலையில் சுண்டல் வேண்டும் என்றும் கேட்க வேண்டும். சங்கக் கூட்டங்களில் லட்டும் கலர் சோடாவும் வழங்கும் வழக்கத்தை நாமே மாற்றலாம். வருஷத்துக்கு ஒரு முறை சங்க அலுவலகத்திலேயே ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். டீயில் சர்க்கரையைக் குறைத்துவிட்டோம் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே சாப்பாட்டை மாற்ற வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக வேலை செய்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றினால், உடனே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அதுதான் மருந்து. பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை வியாதிக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுவர வழி செய்தது. நல்ல காரியம். பகலில் வீட்டில் இல்லாதவனை, சிறு பட்டறையில் வேலை செய்பவனை, லாரியில் ஊர் ஊராகப் போகிறவனை, வடக்கிலிருந்து வந்து கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளியைத் தேடியும் அது போக வேண்டும். சர்க்கரையின் அளவுக்கு ஏற்ற வரி வேண்டும். அந்த வரிப்பணம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும், பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுக்கும் போக வேண்டும். பாக்கெட்டின் முன்பக்கத்தில், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி முத்திரை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு சாப்பிட நேரமும், காய்கறியும் பருப்பும் வாங்கக் கூலியும் வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளுக்கு இயக்கம் நடத்த வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்ல நாள் பிடிக்காது. போராட்டத்துக்குத் திடமான கால்களும் தெளிவான கண்களும் தேவை. அவற்றைக் காப்பாற்றும் வேலையை இந்த வாரமே ஒவ்வொரு சங்கத்திலும், ஒவ்வொரு ஸ்டாண்டிலும், ஒவ்வொரு பட்டறை வாசலிலும் தொடங்குவோம்.