ஏழாவது ஆள்

2007 யூலை 4 அன்று கந்தகார் மாகாணத்தின் பஞ்ச்வாய் பகுதியில் ஒரு கனேடியக் கவச வாகனம் வீதியோரக் குண்டில் சிக்கியது. ஆறு கனேடியப் படையினர் இறந்தார்கள். அவர்களோடு போன ஆப்கான் மொழிபெயர்ப்பாளரும் இறந்தார். அந்த ஆறு பேரின் பெயரும் படமும் கனடாவின் நினைவேடுகளில் இருக்கின்றன, நவம்பர் 11 நினைவு நாள் வந்தால் மலர்வளையம் வைக்கப்படுகிறது. அது அவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதை. ஏழாவது ஆளோ பெரும்பாலும் ‘ஒரு மொழிபெயர்ப்பாளர்’ என்பதோடு நின்றுவிடுகிறார். ஆப்கான் போரில் கனடா இழந்த படையினர் 158 பேர். அந்த எண்ணுக்குள் அவர் இல்லை.

நானும் மொழிபெயர்ப்பாளர்தான். மொன்றியலில் அகதி வழக்குகள் விசாரிக்கப்படும் கீ-ஃபாவ்ரோ கட்டடத்தில் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே உட்கார்ந்து பிழைக்கிறேன். இரு தரப்புக்கும் நான் தேவை. ஒரு தரப்புக்கும் நான் சொந்தமில்லை. விசாரணை முடிந்தால் மெட்ரோ ஏறி பிளமொண்டனில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம். கந்தகாரில் இதே தொழிலைச் செய்தவர்கள் துணியாலும் கறுப்புக் கண்ணாடியாலும் முகத்தை மறைத்துக்கொண்டுதான் கிராமங்களுக்குள் போனார்கள். சொந்தப் பெயரை விட்டுவிட்டு முகாமில் ஆங்கிலப் பட்டப்பெயர்களில் வாழ்ந்தார்கள். தலிபான்களின் வானொலிப் பேச்சைக் காதில் வாங்கி, எந்தத் திராட்சைத் தோட்டத்துக்குள் ஆட்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்று படையினருக்குச் சொன்னவர்கள் அவர்கள். அவர்கள் காதை நம்பி உயிர் தப்பிய கனேடியர்கள் இன்று கியூபெக்கின் சிற்றூர்களில் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போர் தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். 2001 செப்டெம்பர் 11 தாக்குதல், பின்லாடனை ஒப்படைக்க மறுத்த தலிபான், நேட்டோ தன் வரலாற்றில் முதல் முறையாகக் கூட்டுப் பாதுகாப்புக்கான ஐந்தாம் சரத்தைக் கையில் எடுத்தது, ஒக்டோபர் 7இல் குண்டுவீச்சு. ஆனால் போர் கெட்டது அதன் பிறகுதான் என்பது என் எண்ணம். அந்த டிசெம்பரில் ஜெர்மனியின் பொன் நகரில் புதிய ஆட்சிக்கு வழி வகுத்தபோது தோற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. 2003இல் அமெரிக்காவின் கவனமும் பணமும் ஈராக்குக்குத் திரும்பின. கூட்டணியில் ஐம்பது நாடுகள் வரை இருந்தன. தன் படை இரவில் வெளியே போகாது, இந்த மாகாணத்தைத் தாண்டாது என்று பல நாடுகள் தனித்தனி நிபந்தனை வைத்திருந்தன. தெற்கே, தலிபான் பிறந்த மண்ணான கந்தகார், கனடாவின் பொறுப்புக்கு வந்தது. 2006 கோடையிலிருந்து அங்கே சவப்பெட்டிகளுக்கு ஓய்வில்லை.

வந்தவன் ஒரு நாள் போவான், கூட நின்றவன் அங்கேயே கிடப்பான் என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1987 யூலையில் அமைதி காக்க வந்த இந்தியன் ஆமி 1990 மார்ச்சில் கப்பலேறியது. இடையில், 1989இல், வடக்கு கிழக்கு மாகாண அரசைக் காப்பாற்ற தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றைக் கட்டினார்கள். ரியூஷனுக்குப் போன பெடியளைச் சைக்கிளோடு பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் பெரியம்மாவின் மகனும் அப்படிப் போனவர். ஆமி போன கையோடு புலிகளிடம் அகப்பட்ட அந்தப் பெடியளில் பலர் கொல்லப்பட்டார்கள். அண்ணன் எங்கே விழுந்தார் என்று இன்றுவரை பெரியம்மாவுக்குத் தெரியாது. இறந்த சுமார் 1,200 இந்தியப் படையினருக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. ஆப்கான்காரர் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள், எங்கள் பெடியள் பிடித்துச் செல்லப்பட்டவர்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் படை கிளம்பிய மறுநாள் காலையில் இருவர் வீட்டு வாசலிலும் வந்து நின்ற பயம் ஒன்றுதான்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள லோண்ட்ரி அறையில் ஒரு கந்தகார்க்காரரைச் சந்திப்பேன். உடுப்புச் சுழலும் நேரத்தில் ஒரு நாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். கனேடிய அதிகாரி ஒருவர் கையெழுத்திட்ட நற்சான்று. மடிப்புகளில் மை உதிர்ந்து, ஒரு மூலையில் தண்ணீர் பட்டிருந்தது. அதைச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு எல்லை கடந்ததாகச் சொன்னார். மனைவி பிள்ளைகளோடு அவர் இங்கே வந்துவிட்டார். அவர் செய்த வேலையால் அடையாளம் காணப்பட்ட தம்பி அங்கே இருக்கிறார். விண்ணப்பத்தின் ‘குடும்பம்’ என்ற கட்டத்துக்குள் தம்பி வரமாட்டார். தலிபானுக்கு அந்தக் கட்டம் கிடையாது.

இந்தக் கட்டங்கள் புதியவை அல்ல. 2009இல் கனடா திறந்த முதல் திட்டத்தில், 2007க்கும் 2011க்கும் இடைப்பட்ட காலத்தில் தொடர்ந்து 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்றார்கள். 2006இல், சண்டை மிகக் கடுமையாக நடந்தபோது கூட நின்றுவிட்டு விலகியவருக்கு அதில் இடமில்லை. குடும்பத்தோடு சேர்த்து எண்ணூறு பேரளவில்தான் அப்போது வந்தார்கள். பிறகு 2020 பெப்ரவரியில் தோகாவில் அமெரிக்கா தலிபானோடு ஒப்பந்தம் செய்தது. ஆப்கான் அரசுக்கே அந்த மேசையில் நாற்காலி இல்லை. 2021 ஓகஸ்ட் 15இல் காபூல் விழுந்தது, அதே நாளில் ஒட்டாவாவில் பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஓகஸ்ட் 26இல் கனடாவின் மீட்பு விமானங்கள் நின்றன. ஏற்றி வரப்பட்டவர்கள் 3,700 பேரளவில். அதன் பிறகு 40,000 ஆப்கானியரை அழைப்போம் என்ற வாக்கை 2023இல் கனடா நிறைவேற்றியது. சிறிய காரியம் அல்ல, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் 40,000 என்பது பல திட்டங்களின் கூட்டுத்தொகை. கந்தகாரில் கூட நின்றவர்களின் கணக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை.

மொன்றியல் இந்தக் கணக்கைக் கேட்கவேண்டிய நகரம். 2003 பெப்ரவரி 15இல், எலும்பை உறையவைக்கும் குளிரில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈராக் போருக்கு எதிராக இங்கே ஊர்வலம் போனார்கள். மார்ச் 17இல் அந்தப் போரில் சேரமாட்டோம் என்று பிரதமர் கிரெத்தியன் அறிவித்தார். சேராத போரைப் பற்றி இந்த நகரம் இன்றும் பெருமையோடு பேசுகிறது. சேர்ந்த போரைப் பற்றிய பேச்சு குறைவு. ஒட்டாவாவில் எழுப்பத் திட்டமிட்ட ஆப்கான் போர் நினைவுச்சின்னத்துக்கு நடுவர் குழு தெரிந்தெடுத்த கியூபெக் அணியை விட்டுவிட்டு, 2023இல் மத்திய அரசு வேறு அணியைத் தெரிவு செய்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. யார் வடிவமைப்பது என்று அவ்வளவு பேசினார்கள். அதில் யார் பெயரெல்லாம் வரவேண்டும் என்று ஒரு குரலும் என் காதில் விழவில்லை.

நான் கேட்பது இரண்டு. கனேடியப் படையோடு வேலை செய்து கொல்லப்பட்ட ஆப்கானியரின் பட்டியலை அரசு தயாரித்து, குடும்பங்கள் சம்மதித்தால் பெயரோடு வெளியிட வேண்டும். சம்பளப் பட்டியல் வைத்திருந்த அரசுக்கு இது முடியாத வேலை அல்ல. அடுத்து, அந்த வேலையால் ஆபத்துக்குள்ளான அண்ணன் தம்பி, அக்கா தங்கை, வயதான பெற்றோரின் விண்ணப்பங்களையும் ஏற்க வேண்டும். இனி எந்தக் கூட்டணியோடு எந்த நாட்டுக்குப் படை போனாலும், உள்ளூர்க்காரரை வேலைக்கு எடுக்கும் அன்றே இந்த உறுதிமொழி அவர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும்.