தேசப்படத்தின் நிறமும் மக்களின் வாக்கும்

2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலின் முடிவைக் காட்டிய தேசப்படத்தை வாசகர் பலரும் கண்டிருப்பர். மட்டக்களப்பு ஒன்று நீங்கலாக, பருத்தித்துறை தொடக்கம் தெய்வேந்திரமுனை வரை ஒரே செந்நிறம். "வடக்கும் தெற்கும் ஒன்றாகிவிட்டன, பாருங்கள்" என்று அப்படத்தைச் சுட்டிப் பேசியோர் பலர். படம் பொய்யுரைக்கவில்லை, பார்த்த கண்ணே பொய்ச்சாட்சி பகர்ந்தது என்பது எமது வாதம்.

எண்களை நோக்குவோம். தேசிய மக்கள் சக்தி நாடு முழுவதிலும் பெற்றது நூற்றுக்கு 61.56 வாக்குகள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அது பெற்றது நூற்றுக்கு 24.85, அதாவது 80,830 வாக்குகள். வன்னியில் நூற்றுக்கு இருபது அளவே. முதலிடம் முதலிடமே, யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அக்கட்சி பெற்றது சட்டப்படியானதே. அவ்வெற்றியைச் சிறுமைப்படுத்துவது எமது நோக்கமன்று. ஆயினும் யாழ்ப்பாணத்தில் நால்வரில் ஒருவர் இட்ட புள்ளடியும், தென்மாவட்டங்கள் பலவற்றில் மூவரில் இருவர் இட்ட புள்ளடியும் ஒரே சிவப்பாகத் தீட்டப்படுமாயின், எஞ்சிய மூவர் எங்கே போயினர்? அம்மூவரும் பல கட்சிகளாகவும் சுயேச்சைக் குழுக்களாகவும் சிதறிய கதை வேறு. அதனை எம்மவர் தனியே இருந்து ஆராய்தல் வேண்டும்.

கண்ணின் இயல்பை ஈண்டு அறிந்துகொள்ளல் நன்று. 1983ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து, மக்கில் என்னும் அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர் இருவர், தேசப்படத்திலே சிவப்பையும் பச்சையையும் தீட்டிப் பலரிடம் காட்டினர். சிவந்த பகுதியே பெரிதெனப் பார்த்தோர் பலர் மயங்கினர். மங்கலான நிறங்களில் அம்மயக்கம் தோன்றவில்லை. அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, 1839இல், பாரிஸ் நகரத்துச் சாய வல்லுநரான செவ்ரல் என்பார், ஒரு நிறம் தன் அயல்நிறத்தால் வேறாய்த் தோன்றும் என்பதை நூலெழுதி விளக்கினார். செந்நிறம் சூழ்ந்த மட்டக்களப்பு ஒரு தனிக்கோட்டைபோல் காட்சியளித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அங்கே தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வாக்கே!

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய மாட்டாதாரும் உளர். ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் பன்னிருவர்க்கு ஒருவர் அத்தகையோர். ஆசியரிடையே சற்றுக் குறைவு. பெண்களிடையே மிக அரிது. அன்னார்க்குப் பச்சைக் கட்சியும் சிவப்புக் கட்சியும் ஏறக்குறைய ஒரே நிறந்தான். அரசியலை அவர்களே தெளிவாகக் காண்கின்றனரோ என்னவோ!

இவற்றினும் கொடிய மயக்கம் ஒன்றுண்டு. 2005ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலின் படத்தில் யாழ்ப்பாண மாவட்டம் ஐக்கிய தேசியக் கட்சியின் பச்சையாகத் தீட்டப்பட்டது. அம்மாவட்டத்தின் பதிவுபெற்ற வாக்காளர் 701,938 பேர். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு நிலவிய அந்நாளில் வாக்களித்தோர் 8,524 பேர்; நூற்றுக்கு ஒன்றேகால் கூட இல்லை. அவர்களுள் ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கிடைத்த 5,523 வாக்குகளே ஒரு மாவட்டம் முழுவதையும் பச்சையாக்கின. ஏழு இலட்சம் பேரின் மௌனத்துக்கு அப்படத்தில் நிறமில்லை. அம்மௌனம் அச்சத்தின்பாற்பட்டதோ விருப்பத்தின்பாற்பட்டதோ என வழக்காடலாம். அதனைப் பச்சையென்று எந்த நீதிமன்றும் ஏற்குமா?

நிலத்தின் பரப்பும் இவ்வாறே ஏமாற்றும். வன்னித் தேர்தல் மாவட்டம் கொழும்பைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு விரிந்தது. 2024இல் வன்னிக்கு ஆசனம் ஆறு, கொழும்புக்குப் பதினெட்டு. நூறு பரப்புத் தரிசையும் கோண்டாவிலின் பத்துப் பரப்புச் செம்மண் தோட்டத்தையும் அளவுகோலால் மட்டும் ஒப்பிட எமது கமக்காரர் ஒருப்படுவாரா? விளைச்சலையன்றோ கேட்பார்!

நாம் கோருவது கடினமானதன்று. வென்ற கட்சியின் நிறத்தை வாக்கு வீதத்துக்கேற்ப வெளிறவோ அடர்த்தியாகவோ தீட்டுக. வாக்களியாதோர் தொகையைப் பக்கத்திலே பொறித்திடுக. நிறம் பிரித்தறியாதோர் பொருட்டுச் சின்னத்தையும் இடுக. தேர்தல் ஆணைக்குழு வெளியிடும் எண்களைக் கொண்டு, ஒரேயொரு வர்ணப் பென்சிலால், பாடசாலை மாணவன் ஒருவன் இதனை ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிப்பான். 2024ஆம் ஆண்டுப் படத்தை அவ்வாறு அவன் தீட்டுவானாயின், தெற்கு அடர்ந்து சிவக்கும். யாழ்ப்பாணமும் வன்னியும் வெளிறி நிற்கும்.