படம் யாருடையது?

டெல்லி நகரம். 1989-ம் ஆண்டு.

ஓர் இளம் பெண் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, மோனா அகமது என்ற திருநங்கையைத் தேடிப் போனார். அந்தப் பெண்ணின் பெயர் தயானிதா சிங். லண்டனில் இருந்து வரும் "டைம்ஸ்" பத்திரிகைக்காகப் படம் பிடிக்க வந்தவர்.

மோனா அன்போடு வரவேற்றார். பேசினார். படம் பிடித்துக்கொள்ளவும் சம்மதித்தார். வேலை முடிந்தது.

அப்போதுதான் படம் லண்டன் பத்திரிகைக்குப் போகிறது என்பது மோனாவுக்குத் தெரிந்தது. அவர் பதறிப் போனார். லண்டனில் அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படம் பட்டால் என்ன ஆவது? பிலிம் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டார்.

தயானிதா கொடுத்துவிட்டார்!

அது சின்னக் காரியம் அல்ல. பிலிம் சுருளைக் கொடுத்தால் வேலை போயிற்று. கூலி போயிற்று. பத்திரிகை ஆசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அவர் கொடுத்தார்.

நட்பு அங்கே தொடங்கியது. மோனா ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார். அந்தக் குழந்தையின் பிறந்த நாள் விழாவை ஊரே வியக்கும்படி கொண்டாடினார். அந்த விழாவைப் படம் பிடித்தவர் அதே தயானிதாதான். பிலிம் சுருளைத் திருப்பித் தந்தவருக்கு வீட்டுக் கதவு முழுவதும் திறந்துவிட்டது.

பிறகு மோனாவின் வாழ்க்கை மாறியது. வளர்த்த மகள் கையை விட்டுப் போனாள். சொந்தக் கூட்டமும் அவரை ஒதுக்கியது. அவர் ஒரு கல்லறைத் தோட்டத்தில் குடியேறினார். அங்கே வீடு கட்டினார். கோழி, நாய் என்று வளர்த்தார். தயானிதா அங்கேயும் போனார்.

2001-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளிவந்தது. "மைசெல்ப் மோனா அகமது" என்பது அதன் பெயர். "நான், மோனா அகமது" என்று பொருள். படங்கள் தயானிதாவுடையவை. கதையோ மோனாவுடையது. அவர் சொல்லச் சொல்ல, மின்னஞ்சல்களாகப் பதிப்பாளருக்குப் போன சொற்கள் அவை. தன் துக்கத்தை, கோபத்தை, மகள் மீது கொண்ட ஆசையைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

இந்தக் காலத்துக் கலைஞர்களின் புத்தகங்கள் எத்தனையோ வருகின்றன. கலைஞர் தன்னைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிக்கொள்ளும் புத்தகங்களும் உண்டு. அவற்றில் இது தனி ரகம். படம் பிடித்தவர் பின்னால் நிற்கிறார். படத்தில் இருப்பவர் முன்னால் வந்து பேசுகிறார்.

இன்னொரு தாய்

இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் நடந்தது.

1936-ம் ஆண்டு, மார்ச் மாதம். கலிபோர்னியா மாநிலத்தில் நிப்போமோ என்ற இடம். பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். பனியில் பயிர் கருகிவிட்டது. வேலை இல்லை, சோறு இல்லை. 32 வயதுத் தாய் ஒருத்தி கிழிந்த கூடாரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார். அரசாங்கத்துக்காகப் படம் பிடித்து வந்த டொரோத்தியா லாங்கே அவரைக் கண்டார். சில நிமிடங்களில் படம் பிடித்தார். பெயரைக் கேட்கவில்லை. போய்விட்டார்.

"புலம்பெயர்ந்த தாய்" என்று அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. கன்னத்தில் கை வைத்த தாய். இரு தோள்களிலும் முகம் புதைத்த குழந்தைகள். பாடப் புத்தகத்தில் வந்தது. தபால் தலையிலும் வந்தது.

படத்தில் இருந்த தாய் யார்? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. 1978-ம் ஆண்டில்தான் அவர் வெளியே வந்தார். பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை என்று சொன்னார். தன் பெயரைக் கூடக் கேட்கவில்லை என்று சொன்னார். ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள், வரவே இல்லை என்பதும் அவருடைய குறை.

ஒரு பிரதி! அதுகூட இல்லை.

லாங்கே கெட்டவர் அல்ல. நல்ல மனம் படைத்தவர். படம் பத்திரிகையில் வந்ததும், பட்டினி கிடந்த முகாமுக்குச் சுமார் 9,000 கிலோ உணவு போய்ச் சேர்ந்தது. பலர் வயிறு நிறைந்தது. ஆனால் அதற்குள் புளோரன்சின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

லாங்கே 1939-ம் ஆண்டில் தன் கணவர் பால் டெய்லரோடு சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஊர் விட்டு ஊர் போகும் விவசாயிகளைப் பற்றிய புத்தகம். அதில் ஏழைகள் பேசிய சொற்களையே படங்களோடு அச்சிட்டார். நிப்போமோ தாய்க்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். "எல்லோரும் பிலிமைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், உலகத்தின் துன்பம் வெளியே தெரிவது எப்படி?"

நியாயமான கேள்விதான். அநியாயம் செய்பவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு படம் பிடிக்க முடியாது. ஆனால் அநியாயத்துக்கு ஆளானவரிடம் கேட்கலாமே? பெயர் கேட்க எத்தனை நேரம் ஆகும்? பசித்தவரின் முகம் ஊருக்குப் பயன்படும் என்றால், அந்த முகத்துக்கு உரியவருக்கும் அதில் பங்கு உண்டு. புகழ் முழுவதும் கேமரா வைத்திருப்பவருக்கே என்பது சரியான கணக்கு ஆகாது.

இரண்டு பிரதிகள்

தயானிதா சிங் முதலில் படம் பிடித்ததே ஒரு சண்டையில்தான் தொடங்கியது. அவர் மாணவியாக இருந்தபோது, தபலா மேதை ஜாகீர் உசேனின் கச்சேரியைப் படம் பிடிக்கப் போனார். அங்கிருந்த ஒருவர் தடுத்துத் தள்ளினார். பெண் விடவில்லை. நேரே ஜாகீர் உசேனிடமே பேசிவிட்டார். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. படம் பிடிக்க அழைத்தார்! ஆறு பனிக்காலங்கள் அவரோடு கச்சேரி கச்சேரியாகப் போனார். 1986-ல் முதல் புத்தகம் வந்தது. 2024-ம் ஆண்டு டிசம்பரில் ஜாகீர் உசேன் காலமானபோது, பலர் அந்தப் பழைய படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள்.

2008-ல் வந்த "சென்ட் எ லெட்டர்" என்பது இன்னும் விசித்திரம். அது ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஏழு குட்டிப் புத்தகங்கள். விசிறி போல மடித்த நீளக் காகிதம். இழுத்தால் மாலை போல விரியும். மேசை மேல் நிறுத்தினால் ஒரு கண்காட்சி.

நண்பர்களோடு ஊர் ஊராகப் போய்வந்த நினைவுக்காகச் செய்தவை அவை. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் கையால் செய்தார். ஒன்று நண்பருக்கு. ஒன்று தனக்கு. பிறகுதான் அச்சுக்குப் போயின. நம் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையும் ஒரு குட்டிப் புத்தகமாக அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது! இன்னொன்றில் அவருடைய தாயார் நோனி சிங் எடுத்த குடும்பப் படங்கள்.

கொல்கத்தாவில் பார்க் தெரு நகைக்கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டியிலும் இந்தக் குட்டிப் புத்தகங்கள் நின்றன. நகை பார்க்க வந்தவர்கள் படம் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் புத்தகம் அது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இந்த மாதிரிப் புத்தகங்களின் விலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மாதச் சம்பளக் குடும்பம் வாங்க முடியாது. ஏழைகளின் முகம் இருக்கும் புத்தகத்தை ஏழைகள் தொட்டுப் பார்க்க முடியவில்லை. மாவட்ட மைய நூலகங்கள் இரண்டு மூன்றாவது வாங்கி வைத்தால் என்ன?

தயானிதாவுக்கு 2022-ல் ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. புகைப்படக் கலையில் அது மிகப் பெரிய விருது. மோனா 2017-ல் காலமாகிவிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வெனிஸ் நகரத்து உலகக் கலைக் கண்காட்சியில் அவர் முகத்தை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். லண்டன் பத்திரிகையில் வந்துவிடும் என்று பயந்த அதே முகம்! இந்த முறை அவருக்குப் பயம் இல்லை. எடுத்தவர் தோழி.

வீட்டுப் படங்கள்

இன்று வீட்டுக்கு வீடு கைபேசி. ஒவ்வொன்றிலும் ஆயிரம் படங்கள். தூங்கும் தாத்தா, அழும் குழந்தை, அடுப்படியில் வியர்த்து நிற்கும் மனைவி, எல்லாம் ஒரு நொடியில் ஊருக்கே போய்விடுகின்றன. "இதை அனுப்பலாமா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? மறுநாள் கைபேசி தண்ணீரில் விழுந்தால் ஒரு படமும் மிஞ்சாது. அந்தக் காலத்தில் சுவரில் மாட்டிய ஒரே ஒரு கல்யாணப் படம் ஐம்பது வருஷம் இருந்தது.

பத்துப் படங்களைக் கடையில் கொடுத்து அச்சிட அதிகச் செலவு ஆகாது. பழைய காலண்டர் அட்டையை நீளமாக வெட்டி, விசிறி போல மடிக்க வேண்டும். மடிப்புக்கு ஒரு படமாக ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடுவான். பாட்டிக்கு ஒரு பிரதி, வீட்டுக்கு ஒரு பிரதி.

ஒட்டுவதற்கு முன்னால் படங்களைப் பாட்டியிடம் காட்ட வேண்டும். எது இருக்கட்டும், எது வேண்டாம் என்று அவர் சொல்லட்டும். சில பாட்டிமார் பாதிப் படங்களைத் தள்ளிவிடுவார்கள். தள்ளட்டும்.